மாபாரில் தில்லி ஆளுநருக்குப் பிறகு யார் யார்? மதுரை நாற்காலி எப்படிக் கைமாறியது?

பட்டினத்துப் பையன்:

எல்லோருக்கும் வணக்கம், ஸலாம். சொந்த ஊர் பெரியபட்டினம். பிழைப்புக்கு ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் சரக்குக் கணக்கு எழுதுகிறேன். தங்கை மகன் ஒன்பதாவது படிக்கிறான். பள்ளியில் ஊர் வரலாறு எழுதச் சொல்லியிருக்கிறார்களாம், வாட்ஸப்பில் என்னைப் போட்டுக் குடைகிறான்.

எனக்குத் தெரிந்தவரை தில்லித் தளபதி மாலிக் காபூர் வந்தது 1311. தில்லி இந்தப் பக்கத்தை, அதாவது அரபிகள் மாபார் என்று சொன்ன நம் கடற்கரை நாட்டை, தன் மாகாணமாக்கியது 1323 வாக்கில். விஜயநகரத்துக் குமார கம்பணர் வந்தது 1371 வாக்கில். நடுவில் கிட்டத்தட்ட ஐம்பது வருடம் மதுரையில் உட்கார்ந்து நம் கடற்கரை வரை ஆண்டது யார் யார்? தில்லியிலிருந்து ஆளை மாற்றி மாற்றி அனுப்பினார்களா, இல்லை அப்பனுக்குப் பின் மகன் என்று போனதா? தேடினால் ஒரு பக்கம் ஆளுநர் என்கிறது, இன்னொரு பக்கம் சுல்தான் என்கிறது.

அப்புறம் இன்னொன்று. மொராக்கோ பயணி இப்னு பதூதா வந்து போன ‘பத்தன்’ என்ற துறைமுகம் எங்கள் ஊர்தான் என்று வாப்பா காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆதாரம் உண்டா, ஊர்ப் பெருமை மட்டும்தானா?

குரூப்டூ கனவு:

இதில் குழப்பமே இல்லை ப்ரோ. ஜலாலுதீன் அஹ்சன் ஷா, அலாவுதீன் உதௌஜி, குத்புதீன், கியாசுதீன் தம்கானி, நாசிருதீன், ஆதில் ஷா, பக்ருதீன் முபாரக் ஷா, அலாவுதீன் சிக்கந்தர் ஷா. மொத்தம் எட்டுப் பேர். முதல் ஆள் தில்லியின் ஆளுநராக இருந்து 1335 வாக்கில் தனி ராஜ்யம் அறிவித்தார். அவருடைய வம்சம்தான் கடைசி வரை ஆண்டது. தேர்வுக்கு இது போதும், பையனுக்கும் போதும்.

பழைய பத்திர எழுத்தர்:

தம்பி கொடுத்த எட்டுப் பெயரும் சரி. ‘வம்சம்’ என்று சேர்த்தாரே, அது நிற்காது.

ராமநாதபுரத்தில் சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். இப்போது திருப்புல்லாணியில் வீட்டோடு இருக்கிறேன். ஒரு சொத்து கைமாறியிருந்தால் எங்களுக்கு முதல் கேள்வி, எந்த உரிமையில் வந்தது என்பதுதான். கிரயமா, தானமா, வாரிசு வழியா, அல்லது யாரும் கேட்க ஆளில்லை என்று உள்ளே புகுந்து உட்கார்ந்ததா? மதுரை சுல்தான்களுக்கும் அப்படி ஒரு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். முதல் ஐந்து பேரில் அப்பனிடமிருந்து மகனுக்கு வந்தது என்று காட்ட ஒரு வரிகூட இல்லை. நாற்காலி கைமாறிய வழி ஓரளவு துலங்குவது பெண்களை வைத்துப் பார்த்தால்தான்.

முதலில் தில்லி. மாலிக் காபூர் யானை, குதிரை, பொன் என்று வாரிக்கொண்டு திரும்பியவர். இங்கே அதிகாரி யாரையும் உட்கார வைத்துவிட்டுப் போகவில்லை. உலூக் கானின் தெற்குப் படையெடுப்புக்குப் பிறகுதான் மாபார் மாகாணம் ஆகிறது. அந்த உலூக் கான்தான் பிறகு முகமது பின் துக்ளக். தில்லியிலிருந்து தௌலதாபாத் போகும் சாலை அப்படியே தெலிங்கானாவுக்கும் மாபாருக்கும் நீள்கிறது, ஆறு மாதப் பயணம் என்கிறார் இப்னு பதூதா. இங்கிருந்து ஒரு புகார்க் கடிதம் போய்ப் பதில் வருவதற்குள் ஒரு வருடம் ஓடிவிடும். அந்தத் தூரத்தில் ஆளுநராக உட்கார்ந்திருப்பவர் எத்தனை நாள் ஆளுநராகவே இருப்பார்?

அஹ்சன் இப்போதைய அரியானாவில் இருக்கும் கைத்தல் ஊர்க்காரர், சையது. தில்லியின் ஆளாக வந்தவர் தன் பெயரில் நாணயம் அடித்தார். அந்தக் காலத்தில் அதற்கு மேல் அறிவிப்பு தேவையில்லை. தண்டிக்க துக்ளக் நேரிலேயே புறப்பட்டார். வாரங்கல் வரை வந்தார். அங்கே படையில் கொள்ளைநோய் பரவியது, அவருக்கும் உடம்பு முடியாமல் போனது, திரும்பிவிட்டார். போகும் வழியில் பீட் என்ற ஊரில் அவருக்கு ஒரு பல் விழுந்து, அதைப் புதைத்து மேலே கட்டடம் எழுப்பியதாகப் பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். மாபார் போனது போனதுதான், பல்லுக்காவது ஒரு மண்டபம்.

நம் கதைக்கு இந்தத் திரும்பிப் போனதுதான் முக்கியம். அதுவரை இந்த நாற்காலிக்கு மேலே ஒரு கை இருந்தது. எடுக்கவும் வைக்கவும் தில்லியால் முடிந்தது. அதற்குப் பிறகு எடுப்பதும் வைப்பதும் மதுரையில் இருந்த குதிரைப்படைத் தலைவர்கள் கைக்கு வந்துவிட்டது. பட்டினத்துத் தம்பிக்கு ஆளுநர், சுல்தான் என்று இரண்டு விதமாகக் கிடைப்பதும் இதனால்தான். 1335 வரை அஹ்சன் ஆளுநர், அப்புறம் அதே ஆள் சுல்தான்.

அவர் நான்கைந்து வருடம் இருந்தார், கொல்லப்பட்டார். அவருடைய அமீர்களில், அதாவது படைப் பிரபுக்களில், ஒருவரான உதௌஜி உட்கார்ந்தார். உறவு கிடையாது. உதௌஜி ஒரு சண்டையில் ஜெயித்துவிட்டு, தண்ணீர் குடிக்கத் தலைக்கவசத்தைக் கழற்றினார். எங்கிருந்தோ வந்த அம்பு பாய்ந்து அங்கேயே முடிந்தார். அவருடைய மகளைக் கட்டிய குத்புதீனை உட்கார வைத்தார்கள். அவர் நடத்தை பிடிக்கவில்லை, நாற்பது நாளில் கொன்றுவிட்டார்கள். இதெல்லாம் 1339, 1340க்குள் முடிந்த கதை.

அடுத்தவர் கியாசுதீன் தம்கானி. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இவர் முதலில் தில்லி சுல்தானின் அதிகாரி ஒருவரிடம் குதிரை வீரர். அப்போது பெயர் சிராஜுதீன். பிறகு அஹ்சனின் மகன் அமீர் ஹாஜியிடம் சேவகம். கவனியுங்கள், அஹ்சனுக்கு மகன் இருந்திருக்கிறார். இன்னொரு மகன் இப்ராஹிம் தில்லி அரண்மனையில் இருந்து, துக்ளக்கின் ஆணையாலேயே கொல்லப்பட்டவர். வம்சம் என்றால் ஹாஜிக்கு அல்லவா வந்திருக்க வேண்டும்? வந்தது ஹாஜியிடம் வேலை பார்த்த குதிரைக்காரருக்கு. அவர் அஹ்சனின் மகளைக் கட்டிக்கொண்டார்.

அஹ்சனின் இன்னொரு மகளைத் தில்லியிலேயே கட்டியிருந்தவர் இப்னு பதூதா. ஆக மதுரை சுல்தானும் மொராக்கோ பயணியும் சகலைகள். நமக்கு இவ்வளவு விவரம் கிடைப்பதே இந்தச் சகலை உறவால்தான்.

1344ல் இலங்கையிலிருந்து கிளம்பியவர் புயலில் மாட்டிக்கொண்டார். கப்பல் கரைக்கு எட்டாத தூரத்தில் தட்டி நின்றது. கட்டைகளைக் கட்டி மிதவை செய்து கூட வந்தவர்களை அனுப்பிவிட்டு, இவர் ராத்திரி முழுக்கக் கப்பலின் பின்புறத்தில் தொற்றிக்கொண்டு கிடந்தார். விடிந்ததும் கரையிலிருந்து ஆட்கள் படகில் வந்து இறக்கினார்கள். அவர்கள் முஸ்லிம்கள் இல்லை, ஆனால் சுல்தானின் ஆட்சிக்குக் கீழ் இருந்தவர்கள். ‘உங்கள் சுல்தானுக்கு வேண்டியவர்கள் நாங்கள்’ என்றதும் இரண்டு நாள் தொலைவில் முகாமிட்டிருந்த சுல்தானுக்குத் தகவல் அனுப்பினார்கள். அதுவரை இவர்களுக்கு நல்ல மீன் கொடுத்தார்கள். கூடவே முலாம்பழம் மாதிரி ஒரு பழம். உள்ளே பஞ்சு போல இருக்கும், அதில் தேன் மாதிரி ஒரு சாறு, அதை எடுத்து இனிப்புச் செய்வார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். இதைப் படித்துவிட்டு நம் பக்கத்துக்காரன் எவனாவது யோசிப்பானா? பனம்பழம்தான். நார் பல்லில் சிக்கச் சிக்கச் சூப்பியிருக்கிறார் மனுஷன்.

சகலையைப் பற்றி அவர் நல்லதாக எழுதவில்லை. முகாமுக்குப் போகும் காட்டு வழியில் பிடிபட்டவர்களைப் பெண்களோடும் பிள்ளைகளோடும் கழுவில் ஏற்றியதைப் பார்த்துவிட்டு, எந்த அரசரும் இப்படிச் செய்து நான் அறியேன், அதனால்தான் இறைவன் அவருக்குச் சாவைச் சீக்கிரம் கொடுத்தான் என்று எழுதுகிறார். உபசரித்த உறவினரைப் பற்றி!

போசள மன்னர் மூன்றாம் வீரவல்லாளன் கதையும் இந்த ஆட்சியில்தான். கண்ணனூர்க் கொப்பம், அதாவது இப்போதைய சமயபுரம் பக்கம். அங்கிருந்த சுல்தானின் கோட்டையை எண்பது வயது வல்லாளன் மாதக்கணக்கில் முற்றுகையிட்டார். கியாசுதீன் எதிர்பாராத நேரத்தில் வந்து பாய்ந்தார். தப்பி ஓடியவரைப் பிடித்தது சுல்தானின் அண்ணனோ தம்பியோ பெற்ற மகன் நாசிருதீன். யாரென்று தெரியாமலே வெட்டப் போனவரை, இவர்தான் ராஜா என்று ஓர் அடிமை தடுத்தான். சுல்தான் மரியாதையாக வைத்திருந்து, விடுவிப்பதாக நம்பவைத்து, செல்வத்தையும் யானைகளையும் குதிரைகளையும் கறந்துகொண்டு, பிறகு கொன்று, தோலில் வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டார். நானே பார்த்தேன் என்கிறார் இப்னு பதூதா. இதற்குள் யாராவது மதச் சண்டையை இழுத்து வருவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். வல்லாளன் பக்கம் இருபதாயிரம் முஸ்லிம்கள் இருந்தார்கள் என்றும் அவரேதான் எழுதியிருக்கிறார்.

பிறகு மதுரையில் கொள்ளைநோய். பிடித்தால் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் முடிந்தது. கியாசுதீனின் ஒரே மகன் அதில் போனான். அவரும் பின்னாலேயே போனார். இரும்புத்தூள் சேர்த்து ஒரு யோகி செய்து கொடுத்த வீரிய மாத்திரைதான் அவர் உடம்பைக் கெடுத்தது என்றும் ஒரு தகவல் உண்டு.

மகன் இல்லை. அப்போது வருகிறார் அந்த நாசிருதீன். இவர் தில்லியில் யாரிடமோ சேவகம் செய்துகொண்டிருந்தவர். இங்கே குடும்பத்தில் ஒருவர் சுல்தானாகிவிட்டார் என்று கேள்விப்பட்டதும் பக்கிரி வேஷம் போட்டுத் தப்பி வந்தவர். பட்டம் ஏறியதும் அத்தை மகனைக் கொன்றார். ஏனென்றால் கியாசுதீனின் மகளைக் கட்டியிருந்தவர் அந்த அத்தை மகன்தான். கொன்றுவிட்டு அந்த விதவையைத் தானே கட்டிக்கொண்டார். நம் வழக்கப்படி அந்தப் பெண் அவருக்குத் தங்கை முறை அல்லது அக்கா முறை, நினைக்கவே கூசும். அவர்களுக்கு அது தடையில்லாத உறவு. எனக்கு இதில் அரசியல்தான் தெரிகிறது. போன சுல்தானின் மகள் இன்னொருவர் வீட்டில் இருந்தால் அந்த வீட்டிலிருந்து நாளைக்கு ஒருவன் கிளம்புவான். குத்புதீன் அப்படித்தானே வந்தார்?

இத்தனை பெண்களில் எனக்குப் பெயர் கிடைப்பது ஒருவருக்குத்தான், ஹூர்நசப். அதுவும் இப்னு பதூதாவின் மனைவி என்பதால்.

கடைசி மூவரைப் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. நாசிருதீன் காலத்து நாணயம் ஹிஜ்ரி 745 வரை, அதாவது 1344 வாக்கு. அடுத்த நாணயம் ஆதில் ஷா பெயரில் ஹிஜ்ரி 757ல், அதாவது 1356 வாக்கில். நடுவில் பன்னிரண்டு வருடம் வெற்றிடம். ஆதில், முபாரக், சிக்கந்தர் மூன்று பேரையும் நாணயத்தை வைத்துத்தான் வரிசைப்படுத்துகிறார்கள். யாருக்கு யார் என்ன முறை என்று காசு சொல்லாது. ஒன்று மட்டும் சுவாரசியம். கம்பணர் 1371 வாக்கில் மதுரையைப் பிடித்துவிட்டார், படையெடுப்புக்கு அஞ்சி வெளியூர் கொண்டுபோயிருந்த ரங்கநாதர் திருமேனியும் அதே வருடம் திருவரங்கம் திரும்பிவிட்டது. ஆனால் சிக்கந்தர் பெயரில் 1377, 1378 வரை காசு கிடைக்கிறது. மதுரை போன பிறகும் எங்கேயோ ஒரு மூலையில் உட்கார்ந்து அச்சடித்திருக்கிறார்.

பட்டினத்துப் பையன்:

ஐயா, மூன்று முறை படித்துவிட்டேன். பனம்பழத்தைப் பற்றித் தங்கை மகனுக்கு அப்போதே அனுப்பினேன். ‘அவருக்கு நுங்கு கொடுத்திருக்கலாமே மாமா’ என்கிறான். எந்த மாதம் வந்தார் என்று தெரிந்தால் பதில் சொல்லலாம்.

நாற்காலி விஷயம் புரிந்தது. கடல் பக்கம் என்ன நடந்தது என்றும் கொஞ்சம் எழுதுங்களேன். துறைமுகத்துக்குத் தனியாக அதிகாரி இருந்தாரா? மதுரையில் ஆள் மாறும்போது அவரும் மாறினாரா? ‘பத்தன்’ கேள்வி அப்படியே நிற்கிறது.

நவபாஷாணத்து ஆள்:

பட்டினம் என்று முடிகிற ஊர் உங்களுக்கு மட்டுமா? எங்கள் தேவிபட்டினத்தையும் அந்தப் பத்தன் என்று சொன்ன அறிஞர்கள் உண்டு. கடலுக்குள் தூண் நட்டு மேடை கட்டியிருந்ததாக இப்னு பதூதா எழுதியிருக்கிறார். தேவிபட்டினம் வந்து பாருங்கள், இன்றைக்கும் கடலுக்குள் ஒன்பது தூண் நிற்கிறது. பெரியபட்டினத்தில் என்ன நிற்கிறது?

பழைய பத்திர எழுத்தர்:

தேவிபட்டினத்துத் தம்பி, உங்கள் ஊர் நவபாஷாணம் கல். நவகிரக வழிபாடு. இப்னு பதூதா சொல்வது மரம். பெரிய பெரிய மரத்தூண்களின் மேல் கடலில் ஒரு மண்டபம். கரையிலிருந்து அதற்குப் போக மேலே கூரை போட்ட மரப்பாதை. எதிரி வந்தால் துறையில் நிற்கும் கப்பல்களை அதனோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள், காலாட்களும் வில்லாளிகளும் மேலே ஏறிக்கொள்வார்கள், எதிரிக்கு இடம் கிடைக்காது. இது கோயில் வேலை இல்லை, துறைமுகக் காவல். அறுநூற்றுச் சொச்சம் வருடத்தில் உப்புத்தண்ணீரில் எந்த மரம் மிஞ்சும்? அதனால் இன்றைக்கு என்ன நிற்கிறது என்பதை வைத்து வழக்கு நடத்த முடியாது. இரண்டு ஊருக்கும் நாகப்பட்டினத்துக்கும்கூட ஆள் சேர்த்து வாதாடியிருக்கிறார்கள்.

என் சாய்வு பெரியபட்டினம் பக்கம்தான். காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வு செய்தது. 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. பச்சை மெருகு ஓடு, நீலப் பூப்போட்ட வெள்ளை ஓடு என்று. ஜப்பானிய அறிஞர் நொபோரு கராஷிமா அதை வைத்துத்தான் பெரியபட்டினத்துக்கு வலுவாகப் பேசினார். இப்னு பதூதா வந்த அதே காலத்து ஓடுகள், அதுவும் அத்தனை, என்னும்போது எனக்கு அதற்கு மேல் கேள்வியில்லை. கல்லால் கட்டிய அழகான பள்ளிவாசல், திராட்சை, நல்ல மாதுளை எல்லாம் பத்தனில் பார்த்ததாக எழுதியிருக்கிறார். திராட்சையை நீங்கள் இப்போது தேட வேண்டாம், கண்ணுக்கெட்டியவரை சீமைக்கருவேலம்தான்.

எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலிலும் ஒரு சாட்சி இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று, கீழ்ச்செம்பி நாட்டுப் பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் இருந்த சோனகச் சாமந்தப் பள்ளி பற்றிப் பேசுகிறது. அந்தப் பட்டினம் பெரியபட்டினம் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். அரபு வணிகர்களின் பள்ளிக்கான ஏற்பாட்டைப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள் பாருங்கள். தில்லிப் படை வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முந்திய சமாசாரம் இது.

இப்போது கடல் அதிகாரி. குவாஜா சுரூர் என்று ஒருவர், கடற்படைத் தலைவர். கியாசுதீன் மாலத்தீவுமேல் படை அனுப்ப ஆசைப்பட்டார். யோசனை கொடுத்தது சகலைதான். அங்கே காஜியாக இருந்து, கோபித்துக்கொண்டு கிளம்பி வந்தவர் அல்லவா? சுல்தான் ஆணை போட்டுவிட்டார். குவாஜா சுரூர் சொன்ன பதில், இன்னும் மூன்று மாதத்துக்கு அந்தப் பக்கம் கப்பல் போக முடியாது என்பது. சுல்தானே சொன்னாலும் காற்று மாறாமல் பாய் விரிக்க முடியுமா? மதுரைக்காரர்களுக்குக் கடற்கரைக்காரர் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது.

மதுரையில் ஆள் மாறியபோது இவர் மாறவில்லை, ஏறினார். நாசிருதீன் அவரைத் தன் வசீராக்கி, தில்லி வசீருக்கு இருந்த அதே ‘குவாஜா ஜஹான்’ பட்டத்தையும் கொடுத்தார். இனி யாராவது பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இத்தனை தினார் அபராதம் என்று உத்தரவு வேறு. தில்லியை விட்டுப் பக்கிரி வேஷத்தில் ஓடி வந்தவருக்குத் தில்லி மாதிரியே எல்லாம் வேண்டும்.

இந்தத் துறைமுக அதிகாரம் தில்லிக்கும் முந்தியது. பாண்டியர் காலத்திலேயே பாரசீக வளைகுடாவில் இருக்கும் கீஷ் தீவின் பெருவணிகர் ஜமாலுதீனின் தம்பி தகியுதீன் அப்துர் ரகுமான், பத்தன், மலிபத்தன், காயல் மூன்று துறைகளுக்கும் பொறுப்பாக இருந்தார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். எல்லாம் குதிரை வியாபாரம். ஜமாலுதீன் மட்டும் வருடத்துக்கு 1400 குதிரை அனுப்ப ஒப்பந்தம், ஒரு குதிரை 220 பொன் தினார். வழியில் செத்த குதிரைக்கும் பாண்டியன் கஜானாவிலிருந்து பணம் உண்டு. இப்படி ஒரு ஒப்பந்தத்தை நான் எழுதிக் கொடுத்திருந்தால் கட்சிக்காரர் என்னை உதைத்திருப்பார்.

தகியுதீன் ஹிஜ்ரி 702ல், அதாவது 1303 வாக்கில் இறந்தார். சொத்தை அரசர் எடுத்துக்கொள்ளப் பார்த்தார். மகன் சிராஜுதீன் இரண்டு லட்சம் தினார் கட்டினார். சொத்தும் கிடைத்தது, அப்பா பார்த்த பதவியும் கிடைத்தது. இந்தக் கரையில் அப்பனிடமிருந்து மகனுக்குப் போன ஆளுநர் பதவி வேண்டும் என்று கேட்டீர்களே, இதோ ஒன்று. ஆனால் வாரிசு வழியா கிரயமா என்று என்னைக் கேட்டால் கிரயம் என்றுதான் பதிவேன்.

குரூப்டூ கனவு:

சரி ஐயா, ‘மதுரை சுல்தானிய வம்சத்தை நிறுவியவர் யார்’ என்று தேர்வில் கேட்டால் நான் என்ன செய்வது?

பழைய பத்திர எழுத்தர்:

அஹ்சன் ஷா என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள் தம்பி. வேலைக்கு வந்த பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம்.

பட்டினத்துப் பையன்:

வரிசையை அப்படியே அவனுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். வைக்கோல் விஷயத்தையும் மாத்திரை விஷயத்தையும் மட்டும் எடுத்துவிட்டேன், ஆசிரியர் படிப்பாரே. தேவிபட்டினத்து அண்ணே, அடுத்த விடுமுறையில் வருகிறேன், தூண்களைக் காட்டுங்கள். பதிலுக்கு எங்கள் ஊருக்கு வாருங்கள்.